கம்ப்யூட்டர் ஹேங் ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

“கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகுது” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பதில்கள் வந்து விழும். ரேம் பத்தாது, வைரஸ் புகுந்திருக்கும், சூடாகுது, ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும். இவற்றில் ஏதோ ஒன்று சில நேரம் பலிக்கவும் செய்யும். ஆனால் ஹேங் என்ற ஒரே பெயரில் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் உலவுகின்றன. எது நின்றது என்று கேட்காமலே மருந்து சொல்வதால்தான் பலர் புது ரேமும் புது எஸ்எஸ்டியும் வாங்கிப் போட்டுவிட்டு, பிறகும் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள்.

இங்கே சொல்வது விண்டோஸ் ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டரை மனதில் வைத்து. லேப்டாப்புக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## எது ஹேங், எது ஹேங் இல்லை

ஒரு கிளிக்குக்குப் பத்து விநாடி எடுத்துக்கொண்டாலும் கடைசியில் வேலை நடந்துவிடுகிறது என்றால் அது மந்தம். ரேம் போதாமை, டிஸ்க் நிரம்பியது, பின்னணியில் ஓடும் அப்டேட் என்று அதற்குக் காரணங்கள் வேறு.

நீலத் திரை வருவது இன்னொரு வகை. விண்டோஸ் தானே பிழையைக் கண்டுபிடித்து, மேலும் சேதம் வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறது. பார்க்கப் பயமாக இருந்தாலும் அதில் ஒரு குறியீடு கிடைக்கும். தேடலைத் தொடங்க நூல் நுனி அதுவே. பட்டென்று அணைந்துபோவதும் தானாக மறுபடி ஆன் ஆவதும் மின்சாரம் அல்லது வெப்பம் சார்ந்த சந்தேகத்துக்கு உரியவை.

ஹேங் என்பது இவை எதுவும் இல்லாமல், மின்சாரம் இருக்க, திரையில் படம் இருக்க, எதற்கும் பதில் வராமல் நிற்பது. ஒரு குறியீடும் கிடைக்காது. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கிறது.

## வராத பதிலுக்காக ஒரு காத்திருப்பு

ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்தரிடம் ஒரு மனு வருகிறது. அதற்கான கோப்பு பதிவறையில் இருக்கிறது. உதவியாளரை அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை அடுத்த மனுவைப் பார்க்கிறார். போன உதவியாளர் திரும்பவில்லையென்றால் அந்த ஒரு மனு கிடப்பில் கிடக்கும். மற்ற வேலை நடக்கும். ஆனால் போனவர் அலுவலக முத்திரையையும் கையோடு எடுத்துப் போயிருந்தால்? முத்திரை விழாமல் எந்த மனுவும் நகராது. கூட்டம் சேர்ந்துகொண்டே போகும், எழுத்தர் கை கட்டி உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவர் எழுத்தரைத்தான் திட்டுவார். சிக்கல் இருப்பதோ பதிவறையில்.

கம்ப்யூட்டரில் எழுத்தர் பிராசசர். பதிவறை டிஸ்க். உதவியாளர் டிரைவர், அதாவது ஒரு குறிப்பிட்ட வன்பொருளோடு பேசத் தெரிந்த சிறு மென்பொருள். முத்திரைக்கு லாக் என்று பெயர்: ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொடக்கூடிய தரவை ஒருவர் பிடித்திருக்கிறார் என்பதற்கான அடையாளம். இவை எல்லாவற்றையும் மேய்ப்பது கெர்னல், விண்டோஸின் அடித்தளமாக இருந்து யாருக்கு எப்போது எது கிடைக்கும் என்று முடிவுசெய்யும் பகுதி.

ஒரு புரோகிராம் மட்டும் காத்திருந்தால் அதன் ஜன்னல் மட்டும் நிற்கும். 5 விநாடிகள் வரை அந்த ஜன்னல் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை வெளிறச் செய்து, தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று எழுதும். பிரச்சினை அந்த புரோகிராமோடு முடிந்தது. ஒரு டிரைவர் கெர்னலின் லாக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வன்பொருளின் பதிலுக்காகக் காத்திருந்தால் மொத்த கம்ப்யூட்டரும் நிற்கும்.

காத்திருப்பே இல்லாத ஒரு வகையும் உண்டு. ரேமில் ஒரு பிட் புரண்டு, அல்லது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து, பிராசசர் அர்த்தமில்லாத கட்டளையில் போய்ச் சிக்கிக்கொள்வது. அப்போது கெர்னலும் சேர்ந்தே விழுந்துவிடும்.

சுருக்கமாக: ஒன்று, யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள், அல்லது வன்பொருளே நிலைதவறிவிட்டது. இரண்டில் எது என்பதை, ஹேங் ஆன அந்த நிமிடத்திலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

## பவர் பட்டனை அழுத்தும் முன்

ஹேங் ஆனதும் கை தானாகப் பவர் பட்டனுக்குப் போகும். அதை அழுத்தினால் தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். இரண்டு நிமிடம் பொறுத்து இவற்றைக் கவனியுங்கள்.

கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். கீபோர்டில் விளக்கு மாறினால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. மேலே ஏதோ ஒன்றுதான் சிக்கியிருக்கிறது. விளக்கு அசையாவிட்டால் அடித்தளமே நின்றுவிட்டது. (விளக்கே இல்லாத வயர்லெஸ் கீபோர்டுகளில் இந்தச் சோதனை உதவாது. அடிக்கடி ஹேங் ஆகும் கம்ப்யூட்டருக்குக் கொஞ்ச நாள் ஒரு வயர் கீபோர்டைப் போட்டு வைப்பது நல்லது.)

அடுத்து ஒலி. பாட்டு தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க, திரை மட்டும் நின்றதா? கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். “ட்ர்ர்ர்” என்று ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலித்ததா? சவுண்ட் சிப் ஒரு சிறிய நினைவகத் துண்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருக்கும். பிராசசர் அதில் புது ஒலியை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்புவது நின்றால் கடைசியாக இருந்த துணுக்கே சுழலும். ஆகவே அந்த இரைச்சல் கேட்டால் பிராசசர் வரைக்கும் பாதிப்பு எட்டிவிட்டது, ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டாம்.

மவுஸ் நகர்கிறது, ஆனால் ஒவ்வொன்றாகச் சாகிறது என்றால் — முதலில் ஒரு ஜன்னல், பிறகு டாஸ்க்பார், பிறகு எதைக் கிளிக் செய்தாலும் மௌனம் — அது டிஸ்க் பதில் தராததன் கையெழுத்து. கேபினெட்டில் டிஸ்க் விளக்கு இருந்தால் அதையும் பாருங்கள்: விடாமல் எரிகிறதா, அணைந்தே கிடக்கிறதா?

கடைசியாக விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கும். திரை ஒருமுறை மின்னி, உயிர் வந்துவிட்டால் குற்றவாளி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

எதுவும் பலிக்காவிட்டால் பவர் பட்டனைத் திரை அணையும்வரை, பெரும்பாலும் 4 முதல் 10 விநாடி, அழுத்திப் பிடியுங்கள். பிறகு நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மேலே சொன்னவற்றுக்கு என்ன விடை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான்கைந்து முறை எழுதியதும் ஒழுங்கு ஒன்று தென்படத் தொடங்கும்.

## ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண்

விண்டோஸ் நாட்குறிப்பு ஒன்றை எழுதிக்கொண்டே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ (Windows Logs), அதற்குள் ‘சிஸ்டம்’ போனால் அதைப் படிக்கலாம். அங்கே சிவப்பில் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு வரி கண்ணில் அடிக்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது என்று முடிவுகட்டி மாற்றிவிடுவோர் ஏராளம். அந்த வரி சொல்வது ஒன்றுதான்: போன முறை கம்ப்யூட்டர் முறைப்படி அணைக்கப்படவில்லை. பட்டனை அழுத்தி அணைத்தது நீங்களே. அது விளைவு, காரணத்தை அதற்கு முந்தைய சில நிமிடங்களில் தேட வேண்டும்.

அங்கே ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7, 51, 153 எண்களோ, ‘ஸ்டோரஏஹெச்சிஐ’ (storahci), ‘ஸ்டோர்என்விஎம்இ’ (stornvme) பெயரில் 129 எண்ணோ இருந்தால் டிஸ்க் சரியாகவோ நேரத்துக்கோ பதில் தரவில்லை. ‘டிஸ்ப்ளே 4101’ என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. ‘வீஆ லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் பிழைகள் இருந்தால் பிராசசரோ மதர்போர்டோ வன்பொருள் பிழையைத் தானே தெரிவித்திருக்கிறது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

ஒன்றுமே பதிவாகாமல் இருப்பதும் ஒரு தகவல்தான். நாட்குறிப்பும் அதே டிஸ்கில்தான் எழுதப்படுகிறது. டிஸ்க் போய்விட்டால் எழுத இடமில்லை. பிராசசர் நின்றால் எழுத ஆளில்லை.

## டிஸ்க்: பலரும் கடைசியில் பார்ப்பதை முதலில் பாருங்கள்

காந்தத் தட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கில் ஓர் இடம் பலவீனமானால், டிஸ்க் உடனே “முடியவில்லை” என்று சொல்லாது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். வீட்டு உபயோக டிஸ்குகள் இப்படிப் பல விநாடிகள் முயல்வது வழக்கம், ஏனென்றால் அந்தத் தரவுக்கு வேறு நகல் இருக்காது என்பது வடிவமைத்தவர்களின் அனுமானம். சர்வர்களுக்கான டிஸ்குகள் சுமார் 7 விநாடியில் கைவிட்டுவிடும். வீட்டு டிஸ்க் முயன்றுகொண்டிருக்கும் நேரம் முழுக்க விண்டோஸ் காத்திருக்கிறது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நின்று, ஒன்றும் நடக்காததுபோல் தானே மீளும் ஹேங்குக்கு இதுவே முதன்மையான காரணம்.

மவுஸ் நகர, மற்றவை ஒவ்வொன்றாகச் சாவது ஏன் என்பதும் இப்போது புரியும். விண்டோஸ் ரேமில் இடம் சிக்கனமாக வைத்துக்கொள்ள, பயன்படுத்தாத பகுதிகளை ‘பேஜ் ஃபைல்’ என்ற மறைவான கோப்பில் டிஸ்கில் போட்டு வைக்கிறது. ரேமிலேயே முழுதும் இருப்பவை ஓடும். டிஸ்கிலிருந்து ஒரு துண்டு தேவைப்படுகிற கணத்தில் அந்த புரோகிராம் நிற்கும்.

ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. அதன் பெயர் ஸ்மார்ட். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். மேலே ‘குட்’ என்று நீல நிறத்தில் இருப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டியலில் 05 (மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட பகுதிகள்), சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை), சி6 (மீட்கவே முடியாதவை) ஆகிய மூன்றின் கடைசிப் பத்தியில் பூஜ்யம் இருக்க வேண்டும். சி5 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் வேறு எதையும் செய்யும் முன் முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். டிஸ்கை முழுக்கச் சோதிக்கும் கருவிகளை அதற்கு முன் ஓட்டக் கூடாது. நோயாளியாக இருக்கும் டிஸ்கை அந்த உழைப்பே முடித்துவிடலாம்.

சி7 என்ற வரி தனிக் கதை. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே பயணித்த தரவு வழியில் சிதைந்த எண்ணிக்கை அது. டிஸ்க் நன்றாக இருக்கலாம். சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும் அல்லது மடங்கியிருக்கும். இந்த எண் ஒருபோதும் குறையாது. இப்போதைய எண்ணை எழுதி வைத்து, கேபிளை மாற்றி, சில நாள் கழித்துப் பாருங்கள். ஏறாமல் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. புது டிஸ்க் வாங்க வேண்டிய செலவு ஒரு கேபிளோடு போகும்.

மதர்போர்டில் நேராகச் செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இந்த எண்கள் இருக்காது. அங்கே ‘மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். 129 பிழை வந்தும் எஸ்எஸ்டி ஆரோக்கியமாகத் தெரிந்தால், பவர் ஆப்ஷன்ஸில் ‘பிசிஐ எக்ஸ்பிரஸ்’ கீழுள்ள ‘லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்’டை ஆஃப் செய்து பாருங்கள். சில எஸ்எஸ்டிகள் மின்சிக்கனத் தூக்கத்திலிருந்து சரியாக எழுவதில்லை. தயாரிப்பாளர் எஸ்எஸ்டியின் உள்மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) புதுப்பிப்பு தந்திருந்தால் அதையும் போடுங்கள்.

இதுவரை: தானே மீளும் ஹேங், மவுஸ் மட்டும் நகரும் ஹேங் என்றால் டிஸ்க், கேபிள். இனி வருபவை பெரும்பாலும் மீளாத ஹேங்குகள்.

## ரேம் போதாமை வேறு, ரேம் பழுது வேறு

“8 ஜிபி போதாது, அதான் ஹேங்” என்பது அதிகம் கேட்கும் தீர்ப்பு. ரேம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் மந்தமாகும். டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்துக்கு மேலே நிற்பது தெரியும். பழுதான ரேம், அளவு எவ்வளவு இருந்தாலும் கெடுக்கும். அதன் குணமே ஒழுங்கின்மை. புரண்ட பிட் ஒரு புகைப்படத்தில் விழுந்தால் ஒரு புள்ளி நிறம் மாறும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே பிட் கெர்னலின் முகவரிப் பட்டியலில் விழுந்தால் எல்லாம் நிற்கும். இன்று ஹேங், நாளை நீலத் திரை, மறுநாள் பிரவுசர் மட்டும் மூடிக்கொள்வது என்று முகம் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைச் சோதியுங்கள்.

விண்டோஸோடு வரும் ‘மெமரி டயக்னாஸ்டிக்’ விரைவானது, ஆனால் பலவற்றைத் தவறவிடும். ‘மெம்டெஸ்ட்86’ஐ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து 4 சுற்று ஓட விடுங்கள். பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். “ஒன்றுதானே” என்று விடக் கூடாது.

பிழை வந்ததும் ரேமைக் குப்பையில் போட வேண்டாம். முதலில் பயாஸுக்குள் போங்கள். விண்டோஸ் தொடங்கும் முன் வன்பொருளை எழுப்பும் மதர்போர்டின் மென்பொருள் அது. அங்கே ரேமை இயல்பைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி (XMP) அல்லது எக்ஸ்போ (EXPO) ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். பெட்டியில் 3600 என்று எழுதியிருக்கும் டிடிஆர்4 ரேம், அதை அணைத்ததும் 2133 அல்லது 2666இல் ஓடலாம். அந்த நிதானமான வேகத்தில் பிழை மறைந்தால் ரேமும் போர்டும் அந்த வேகத்தில் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

பிறகு ஒவ்வொரு குச்சியாகச் சோதியுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டு, ஓரங்களைப் பிடித்து ரேமை எடுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக் கூடாது. திரும்பப் போடும்போது தாழ்ப்பாள் ‘க்ளிக்’ என்று தானாக மூடும்வரை அழுத்த வேண்டும். பாதி உட்கார்ந்த ரேமும் பல நாள் ஓடும், நினைத்தபோது ஹேங் ஆகும். நான்கு இடமுள்ள பெரும்பாலான போர்டுகளில் இரண்டு குச்சிகளுக்கான இடம் பிராசசரிலிருந்து 2ஆவதும் 4ஆவதும். டிடிஆர்5 என்றால் மாற்றிய பிறகு முதல் முறை சில நிமிடம் கறுப்புத் திரையிலேயே நிற்கலாம், பயந்து அணைத்துவிடாதீர்கள்.

## திரை மட்டும் நின்றால்

விண்டோஸ் கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஒரு வேலை கொடுத்து 2 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் டிரைவரைக் கவிழ்த்து மறுபடி தொடங்கும். அந்த மீட்பே தோற்றால்தான் திரை நிலைத்துவிடும். வீடியோ பார்க்கும்போது மட்டும் ஹேங் ஆனால் பிரவுசர் செட்டிங்ஸில் ‘ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்’ஐ அணைத்துப் பாருங்கள். அப்டேட் போட்ட பிறகு தொடங்கியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’. தனி கிராஃபிக்ஸ் கார்டு என்றால் அதன் மின்கம்பி முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

## சூடுதான் காரணமா?

பிராசசர் சூடானால் ஹேங் ஆகும் என்ற நம்பிக்கை பழைய காலத்தது. இன்றைய பிராசசர்களுக்குத் தற்காப்பு உண்டு. பல இன்டெல் சிப்புகள் சுமார் 100 டிகிரி செல்சியஸையும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியையும் எட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். கேம் ஆடும்போது 85 டிகிரி காட்டுவதால் ஹேங் ஆகாது. தூசியைத் துடைப்பது நல்ல பழக்கம்தான், எஸ்எஸ்டியும் போர்டின் மின் பகுதிகளும் வெப்பத்தால் தடுமாறுவது உண்டு. தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

## சும்மா இருக்கும்போது நிற்பது

கேம் ஆடும்போது சிங்கம்போல் ஓடி, எழுந்து போய்த் திரும்பி வருவதற்குள் நின்றுவிடும் கம்ப்யூட்டர் குழப்பத்தை உண்டாக்கும். வேலை இல்லாதபோது பிராசசர் தன் பகுதிகளை ஆழ்ந்த தூக்கத்தில் ஆழ்த்தி மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. அந்தக் குறைந்த நிலையில் நிலைதவறினால் ஹேங். 2017இல் வந்த முதல் தலைமுறை ரைசனில் இது பரவலாகப் பேசப்பட்டது. பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்பதை ‘டிபிகல் கரன்ட் ஐடில்’ என்று மாற்றுவது பலருக்குத் தீர்வானது.

பயாஸ் அப்டேட் என்றால் பலருக்குப் பயம். ஆனால் இந்த வகைச் சிக்கல்களுக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. ரைசன் கம்ப்யூட்டர்கள் சில, எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சத்தால் அவ்வப்போது ஒரு கணம் தடுமாறுவதை ஏஎம்டி 2022இல் ஒப்புக்கொண்டது. தீர்வு பயாஸ் வழியே வந்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு நாளடைவில் கெட்டுப்போயின. 2024 ஆகஸ்ட் முதல் அதற்கான திருத்தமும் பயாஸ் வழியாகவே. ஏற்கெனவே சேதமான சிப்பை அத்திருத்தம் மீட்காது, வாரன்டியில் மாற்றத்தான் வேண்டும். பயாஸைத் தொடும் முன் டிஸ்கைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷனின் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

## எந்த வரிசையில் தேடுவது

முதல் வேலை பேக்கப். அடுத்து, கீபோர்டும் மவுஸும் தவிர யுஎஸ்பியில் செருகிய எல்லாவற்றையும் கழற்றுங்கள். பயாஸில் ஓவர்கிளாக் (இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) எதுவும் இருந்தால் நீக்கி இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள்.

இதிலும் துப்புக் கிடைக்காவிட்டால் ஒரு வலிமையான சோதனை இருக்கிறது. 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல், ‘ட்ரை’ என்ற வழியில் அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டுங்கள். அதிலும் ஹேங் ஆனால் விண்டோஸ் மீது பழி இல்லை. ரேம், போர்டு, பிராசசர், கிராஃபிக்ஸ், மின்சாரம் என்று வட்டம் சுருங்கும். அதில் நாள் கணக்கில் நன்றாக ஓடினால் விண்டோஸ், டிரைவர், அல்லது உள்ளிருக்கும் டிஸ்க்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால் எது காரணம் என்று தெரியாது, திரும்ப வந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். சரியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்? சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை ஹேங் ஆகுமென்றால், குறைந்தது ஆறு நாள் பொறுங்கள். முற்றிலும் தற்செயலாக நிகழும் ஒன்று, அதன் சராசரி இடைவெளியைப்போல் மூன்று மடங்கு நேரம் தானாகத் தலைகாட்டாமல் இருப்பதற்கு வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். ஒரு நாள் ஓடியதை வைத்து முடிவுசெய்தால் அடுத்த நாளே ஏமாற நேரும்.

எல்லாம் கடந்து மிஞ்சுவது எஸ்எம்பிஎஸும் மதர்போர்டும். எஸ்எம்பிஎஸின் 12 வோல்ட் இணைப்பு 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் மென்பொருள் காட்டும் எண்ணை நம்ப முடியாது, ஒரு கணச் சரிவு மல்டிமீட்டரிலும் சிக்காது. நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸை மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. மாற்றும்போது அதனுடன் வந்த கேபிள்களையே பயன்படுத்துங்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில் ஒன்றின் கேபிளை மற்றொன்றில் செருகினால், முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருந்து டிஸ்கையும் போர்டையும் எரித்துவிடலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்க வேண்டாம். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தாக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். மதர்போர்டைச் சோதிக்க வீட்டில் வழியில்லை. அதற்குச் சர்வீஸ் சென்டர் போகும்போது, நீங்கள் எழுதி வைத்த அந்தத் தாளையும் கொண்டு போங்கள்.